பெட்டியின் எடை

கிளைச் சுவரில் வெள்ளைப் பலகை.
பச்சை மையில் எங்கள் பெயர்கள், எதிரே எண்கள்.
ஒரு கையெழுத்து விழுந்தால்
மேலாளர் காஸ்தோர் மணி அடிப்பார்,
பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது அடிப்பார்களே
அதே அளவுச் சின்ன மணி.
மாதம் முப்பது.
தாண்டியவனுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்றித்தொடை.

நான் விற்றது என்னவென்று
எனக்கே மூன்றாம் ஆண்டில்தான் விளங்கியது.
"வைப்புநிதி மாதிரிதான், வட்டி கொஞ்சம் கூட"
சொல்லச் சொன்னார்கள், சொன்னேன்.
அந்த 'மாதிரி'க்குள்தான்
கழிமுகத்தின் இந்தக் கரை முழுக்கக் காணாமல் போனது.

எருந்தினா அம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.
மட்டி உரித்து உரித்து
ரேகை தேய்ந்த பெருவிரல்.
மைப்பெட்டியில் நான்தான் பிடித்து அழுத்தினேன்.
முதல் தடவை பதியவில்லை.
"மன்னிச்சுக்கோ, மகனே" என்றாள், அவள்.
இரண்டாம் தடவை பதிந்தது.
முதிர்வுத் தேதி என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு.
கோடு என்றால் என்றைக்கும் இல்லை என்று பொருள்.
மணி அடித்தது.

அந்தத் தொடையை ஈஸ்டர் வரை
மெல்லிசாகச் சீவிச் சீவித் தின்றோம்.
நன்றாகத்தான் இருந்தது.

வேலையை விட்டேன் என்று
இப்போது நிமிர்ந்து சொல்கிறேன்.
ஜனங்கள் வாசலில் பாத்திரம் தட்டத் தொடங்கி
மூன்று வாரம் பின்கதவால் வந்துபோய்
அப்புறம்தான் விட்டேன்.

சந்தியாகோவில் ஒரு தொண்டு நிறுவனம்.
சுவரெல்லாம் குழந்தைகளின் சிரிப்பு.
இரோயா என்ற பெண் புதினாத் தேநீர் ஊற்றினாள்,
என் விண்ணப்பத்தைப் பார்த்து மலர்ந்தாள்:
"விற்பனையில் பதினோரு வருஷமா!
மாதம் முப்பது புரவலர் பிடிக்கணும்.
தொலைபேசியில்தான், மாலை வேளையில்.
வயதானவர்கள் சீக்கிரம் இளகுவார்கள்."
கெட்டவள் இல்லை அவள்.
தேநீரை முழுக்கக் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு ஓர் அறநெறி வங்கி.
மறுசுழற்சித் தாள், ஜன்னலெங்கும் தொட்டிச் செடி.
"உங்களை உந்துவது எது?"
வாடகை என்றேன்.
மறுபடி கூப்பிடவில்லை.

"நல்லவனாக ஆகணும், அதற்குச் சம்பளமும் வேணும் உனக்கு"
மீன் கத்தியைக் கழுவிக்கொண்டே சபேலா சொன்னாள்.
மனைவியோடு பத்தொன்பது ஆண்டு வாழ்ந்தும்
அது கோபமா கேலியா தெரியவில்லை.

இப்போது துறைமுக ஏலக்கூடத்தில் எடை போடுகிறேன்.
தற்காலிகம். விடிகாலை நான்கு மணி, ரப்பர் காலணி,
பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை.
முதல் நாள் மௌரோ காட்டினான்,
என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன்,
கொட்டாவி விட்டபடி:
காலிப் பெட்டியை முதலில் வை.
எண் வரும். எல்லோரும் பார்க்கட்டும்.
பூஜ்யமாக்கு. அப்புறம் சரக்கு.
பெட்டியின் எடையை யார் தலையிலும் கட்டாதே.

பதினோரு ஆண்டு
பெட்டியையும் சேர்த்தே விற்றிருக்கிறேன்.

இது நல்ல வேலையா என்று கேட்டால்
தெரியாது.
வருஷத்துக்கு வருஷம் சிப்பி குறைகிறது,
அதையும் நான்தான் எடை போடுகிறேன்.

நேற்று மழை.
எருந்தினாவின் மகள் கார்மிஞா வந்தாள், ஒரு பெட்டியோடு.
என்னைப் பார்த்தாள். தெரிந்ததாகக் காட்டவில்லை.
பதினான்கு கிலோ இருநூறு.
"திரும்பப் போடு."
இறக்கினேன். காலிப் பெட்டி. பூஜ்யம். சிப்பி.
பதினான்கு கிலோ இருநூறு.
வரிசை முணுமுணுத்தது.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

விளக்கடிக்குப் போய்
கண்ணாடியில் மழையைத் துடைத்து
வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள்.
பிறகு திருப்பினாள்.
பின்பக்கம் வெறும் தாள்.
அதையும் கொஞ்ச நேரம்
படித்துக்கொண்டு நின்றாள்.