சல்லடைக்காரன்

பாரம் இறக்க வந்த லாரிகள்
காவேரிப்பட்டணம் சாலை வரை நிற்கின்றன.
தோத்தாபுரி. மூக்கு வளைந்த பச்சை.
அவற்றைத் தாண்டி டவுன் பஸ்ஸில்
கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன்.
இடது கையில் இரைகிற ஒரு நரம்பு;
காது வைத்தால்
மாவு மில் பெல்ட் ஓடுகிற சத்தம்.

நஸ்ரீன் எடை பார்க்கிறார்.
"ரெண்டு கிலோ எண்ணூறு கூட.
என்ன குடிச்சீங்க, முனிரத்தினம்?"
குடித்ததைச் சொன்னேன்.
ராத்திரி வாயில் வைத்துக் கரைத்த
ஐஸ் துண்டைச் சொல்லவில்லை.

இரண்டு ஊசி. எடுக்க ஒன்று, கொடுக்க ஒன்று.
முழங்கை நீளக் குழலுக்குள்
முடி போன்ற ஆயிரமாயிரம் தாரைகள்.
உள்ளே என் ரத்தம் ஒரு பக்கம் போக
வெளியே மருந்துத் தண்ணீர் எதிர்ப்பக்கம் வருகிறது.
நடுவில் ஒரு சவ்வு.

ஹேமாவதி கட்டில் காலில் சாய்ந்து படிக்கிறாள்.
"ரத்தம் ஒரு கூழ்மம்.
கூழ்மத் துகள் பெருசு, சவ்வைத் தாண்டாது.
யூரியா சிறுசு, தாண்டிரும்.
இதுக்குப் பேரு கூழ்மப் பிரிப்பு.
மூணு மார்க்குப்பா."

"கூழ்னா?
நம்ம கம்பெனில டிரம்ல அடைக்கிறமே, அதுவா?"
யோசித்தாள்.
"கிட்டத்தட்ட."

பதினேழு சீசன் பல்ப்பர் பக்கத்தில் நின்றவன் நான்.
அங்கே சல்லடையைத் தாண்டி வருவதுதான் சரக்கு,
கப்பல் ஏறும்.
தங்கிப்போன தோலும் நாரும்
டிராக்டரில் குப்பைக்கு.
இங்கே தலைகீழ்.
தங்கியதைத்தான் திருப்பித் தருகிறார்கள்;
தாண்டியது
சுவரோரக் குழாய் வழியே சாக்கடைக்கு.
முதல் மாதம் முழுக்க
அந்தக் குழாயைத்தான் பார்த்துக் கிடந்தேன்,
நல்லது ஏதும் போய்விடுமோ என்று.

நாலாம் கட்டிலில் தளி மாதப்பா. ரோஜா போட்டவர்.
இந்த வாரம் விரிப்பு மட்டும் புதுசு.
யாரும் யாரையும் கேட்கவில்லை.

மாம்பழம் கூடாது என்கிறார் டாக்டர்.
பொட்டாசியமாம்.
போன ஆனியில் ஒரு கதுப்பு,
ஒன்றே ஒன்று தின்றேன்.
அன்றிரவு நெஞ்சு
தொப்பூர் மேட்டில் கியர் மாற்றத் தெரியாத
லாரி மாதிரி உலுக்கியது.
இந்தச் சவ்வுக்கு நாலு மணி நேரம் போதும்,
ஆனால் வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே
அது என்னோடு வீட்டுக்கு வருவதில்லையே.

உப்புநீர் தள்ள, கடைசிச் சிவப்பும்
கைக்குள் ஏறுகிறது.
குழல் வெளுக்கிறது.
பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே
ஹேமா கேட்கிறாள்:
"கூழ்மத்துக்கு ரெண்டு உதாரணம் சொல்லுப்பா."
ஒன்றைத்தான் சொன்னேன். பால்.

நாளை இரவு ஷிப்டு உண்டு.
மூடிகளுக்கு நம்பர் ஒட்டுகிற வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள்,
உட்கார்ந்தே செய்யலாம்.
சில மூடிகளின் விளிம்பில் மஞ்சள் ஒட்டியிருக்கும்,
விரலுக்கு வரும்.
உடனே துணியில் துடைத்துவிடுவேன்.

பொய்.
முகர்ந்துவிட்டுத்தான் துடைப்பேன்.