தசரா விடுமுறை

கோர்ட்டுக்கு லீவு விட்ட அன்று காலை
மாத்திரையை வேண்டுமென்றே போடவில்லை.
ஏழு வருடத்தில் முதல்முறை.
பத்தில் தொடங்கி, இருபதாகி,
இப்போது முப்பதில் நிற்கிறது.
மாமியாருக்கு அது தைராய்டு,
ஆபீஸில் வைட்டமின்.
கோரிப்பாளையம் மருந்துக்கடை நோட்டில் மட்டும்
அதன் சொந்தப் பெயர், பக்கத்தில் என் கையெழுத்து.

டாக்டரிடம் சொல்லவில்லை.
சொன்னால் திட்டுவார்.
போன மாதம்தான் சீட்டின் பின்பக்கம்
கோடு கிழித்துக் காட்டினார்:
"உடம்பு பழகுறது வேற, அடிமையாகுறது வேறம்மா."
சீட்டின் முன்பக்கம் மிருதுளாவின் பெயர், வயது ஒன்பது.

கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று
அவள் விழுங்குவதற்குள்
நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் நாள் தூங்கினேன்.
இரண்டாம் நாளும்.
நடுவில் எழுந்தால் பசி. பசி என்றால்,
குண்டானில் கிடந்த நேற்றைய சோற்றை
நின்றபடி, ஊறுகாய்கூட எடுக்காமல்.
ஏழு வருட மதியங்களின் பாக்கி
வட்டியோடு வசூலுக்கு வந்ததுபோல.

மூன்றாம் நாள் குக்கர் விசிலுக்கு அழுதேன்.
காரணம் தேடினேன். தேடுவதை மறந்து
பால்கனியில் யானைமலையைப் பார்த்து நின்றேன்.
மாத்திரை போட்ட நாட்களில் அது ஒரு மலை.
நான் தீர்ப்புகளைத் தட்டச்சு செய்கையில்
ஜன்னலுக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கும்.
இன்று அதன் முதுகு, முதுகில் வெயில், வெயிலில் ஒரு பருந்து,
பருந்துக்குக் கீழே சமணர் குகை,
கல்லில் இவ்வளவு பொறுமையாகச் செதுக்கியது யார்,
கரண்ட் பில் கட்டினேனா,
ஒத்தக்கடை பஸ் ஏன் இப்படி ஹாரன் அடிக்கிறது,
பருந்து எங்கே

இதுதான் பழைய நானா?
இல்லை, மாத்திரை எழுந்துபோன இடத்தில்
உடம்பு போடும் கூச்சலா?
அடங்கட்டும் பார்ப்போம் என்றால்
எத்தனை நாளில் அடங்கும்?
லீவு எத்தனை நாள்?

நான்காம் நாள்
ஒற்றைக் காலில் செருப்போடு மிருதுளா வந்தாள்.
"அந்தப் பக்கம் வாலு இருக்குமாம்மா?"
தெரியாது என்றேன்.
கம்பியில் ஏறி இருவரும் எட்டி எட்டிப் பார்த்தோம்,
பால் வழிந்து தீய்ந்த வாடை வரும்வரை.
அவளோடு இவ்வளவு நேரத்தை வீணாக்கி
எத்தனை நாளாயிற்று.
அதையும் கணக்கில் எழுத வேண்டும்.
பாலையும்.

ஐந்தாம் நாள் ஏழு பத்துக்குப் போட்டேன்.
எட்டு மணிக்கு மலை வாயை மூடிக்கொண்டது.
டாக்டரிடம் காட்ட இதை எழுதுகிறேன்,
வரி கோணாமல், தேதி போட்டு,
பசி, தூக்கம், அழுகை எல்லாம் தனித்தனியாக.
மாத்திரைக்கு எதிராகச் சாட்சி சொல்லவும்
மாத்திரைதான் பேனா பிடிக்கிறது.

அவளுடைய அட்டை
இன்னும் பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.
ஸ்கூல் திறக்க இரண்டு நாள்.