கடன் வாங்கிக் கழித்தல்

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போக.
ரெண்டுல ஏழு போவாதும்மா என்கிறாள் ஜெர்லின்,
பெரம்பூரில், இஸ்திரி வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து.

பக்கத்துல இருக்கிற அஞ்சுகிட்ட
ஒண்ணு கடன் வாங்கு.

வாங்கினாள்.
ஒண்ணுதானே வாங்கினேன்,
பத்துன்னு ஏன் எழுதணும்?

பெட்டிக்குள் கரி சரிந்தது.
எனக்கும் இப்படித்தான் சொன்னார்கள்.
எழுதினேன்.
கேட்கவில்லை.

சி பிளாக் துணியை இறக்கினேன்,
மணி ஏழாகிவிட்டது, இருந்தாலும்.
பத்துப் பத்தாய் ஐந்து கட்டு,
உதிரி இரண்டு.
முதல்ல ஏழு சட்டை குடு.

உதிரியைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
ஒரு கட்டின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள்.

பன்னிரண்டு சட்டை மடியில் சரிய,
"கடனே இல்லம்மா இது.
நம்ம கட்டுதான், பிரிச்சிருக்கோம்."

தண்டல்காரர் பைக்கை ஓரம் நிறுத்தி
ஹாரன் அடித்தார்.
நூறு ரூபாய்.
அட்டையில் இன்றைய கட்டத்துக்கு ஒரு கோடு.
இன்னும் எத்தனை கட்டம் என்று
அவள்தான் எட்டிப் பார்த்து எண்ணினாள்.

இருபத்தைந்து என்று எழுதிவிட்டு
பென்சிலைக் கடிக்கிறாள்.

பிரித்ததில் நாலு சட்டை கசங்கிவிட்டது.
பெட்டியில் சூடு இருக்கிறது இன்னும்.