இருக்கை கழற்றிய வான்

விடியும்போது கசூரினாக் கடல்
எங்கள் பின்கதவுக்குள் இருந்தது.
கதவைத் திறந்து வைத்தே படுத்திருக்கிறார் மனுசன்.
நுளம்புக்கு நல்ல விருந்து.

திருகோணமலையில் பத்தொன்பது வருசம்
பிள்ளைகள் ஏற்றிய டொல்பின் வான்.
விடுமுறை தொடங்கிய அன்று
இருக்கைகளைக் கழற்றிக் கோடிப்புறம் அடுக்கி
தறப்பாளால் மூடினார்.
பலகை அடித்தார், மெத்தை போட்டார்,
என்னுடைய பழைய வொயில் சேலையைத் திரையாக்கி
"கிருபை, பத்து நாளைக்கு இது வீடு" என்றார்.

கூரையின் உட்பக்கம் இப்போதும்
பேனையால் கீறிய ஒரு குரங்கு,
கீழே "பிரணவன் விசரன்".
படுத்தால் எனக்கு நேர் மேலே அதுதான்.
அழிக்க விடவில்லை நான்.

இந்தக் கடல் இடுப்பளவு.
எவ்வளவு நடந்தாலும் இடுப்பளவு.
நடந்துகொண்டே போனேன்.
கரையிலிருந்து மணிக்கூட்டைத் தட்டிக் காட்டுகிறார்:
ஏழரை.
எதற்கு ஏழரை?
அவருக்கும் தெரியவில்லை.

கொப்பித் தாளில் பட்டியல் வைத்திருக்கிறார்.
கீரிமலை எட்டரை. நிலாவரை பத்து.
பருத்தித்துறை வெளிச்சவீடு பதினொன்றரை.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெட்டி, சரி போட.

பொன்னாலைப் பாலத்தில் நிற்பாட்டச் சொன்னேன்.
தண்ணிக்குள் நட்ட தடிகளில்
தடிக்கொன்றாய் நீர்க்காகம்
சிறகை விரித்துக் காயவிட்டபடி.
இறால் விற்றவர் வானுக்குள் எட்டிப் பார்த்தார்.
"உள்ளுக்கையே சமைக்கிறியள்?"
ஓம் என்றேன்.
விலை குறைக்கவில்லை.
உரித்து, காஸ் அடுப்பில் பிரட்டி,
நேற்றைய பாணோடு தின்று முடிய
கீரிமலையின் எட்டரை
எங்களை முந்திக்கொண்டு போய்விட்டது.

நிலாவரைக் கிணற்றுக்கு
அடியே இல்லை என்கிறது சனம்.
மேலே நல்ல தண்ணி, போகப் போக உப்பாம்.
கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தவர்
"எங்களைப் போல" என்றார்.
எது மேல், எது கீழ் என்று
நான் கேட்கவில்லை.
வெயில், வேறு.

கோப்பாய் தாண்ட
ஒரு ரியூசன் விட்ட நேரம். ஒன்றரை.
தெரு முழுக்கச் சைக்கிள்.
ஒரு குடைக்குள் தாயும் மகளும்
கை நீட்டினார்கள்.
முன்கண்ணாடியில் மஞ்சள் எழுத்து,
பாடசாலைச் சேவை.
அதை மட்டும் கழற்ற மறந்திருக்கிறோம்.
பிரேக்கில் கால் தானாய் விழுந்தது.
இறங்கி, சுற்றிப் போய்,
இழுகதவைத் திறந்தும் விட்டார்.
பெட்டை உள்ளே பார்த்தாள்:
தலையணை, இறால் சட்டி,
காயப்போட்ட என் பாவாடை.
"அம்மா, இதுக்குள்ள ஆரோ குடியிருக்கினம்."

தாய் சிரித்தா. நானும் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
ஏறி, கதவடித்து,
உள்கண்ணாடியில் பின்னுக்குப் பார்த்தார்.
உதடு அசைந்தது.
எண்ணுகிறார்.

"சரியே?" என்று கேட்டேன்.
கொஞ்சம் பொறுத்து,
"சரி. எல்லாரும் ஏறியாச்சு."

பிறகு நல்லூரில் ஐஸ்கிறீம்,
உயரக் கிளாஸ் ஒன்று, கரண்டி இரண்டு.
மேலிருந்த செறிப்பழத்தை
கேட்காமல் எடுத்து வாயில் போட்டார்.
பருத்தித்துறை மற்றப் பக்கம் என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
ஒருத்தரும் சொல்லவில்லை.

பின்னேரம் கோட்டை மதிலில் இருந்தோம்.
பட்டியலில் கோட்டையே இல்லை.
பண்ணைக் கடல் செம்பு நிறமாகி, பிறகு ஈய நிறமாகி,
பிறகு இருட்டு.
வானுக்குத் திரும்பித் தேத்தண்ணி வைக்க
அடுப்பின் ஒரு கால் ஆடியது.
சேட்டுப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து
நாலாய் மடித்து
காலுக்குக் கீழே செருகினார்.

முதல் மிடறுக்குள் ரோச் வெளிச்சம்.
பொலிஸ் பொடியன்.
"அண்ணை, இஞ்ச நிக்கேலாது."

ஒரு தாய்க்கும் ஒரு பிள்ளைக்கும்
வாசலில் இரண்டு நிமிசம் பொறுக்காத மனுசன்,
கோர்ணை அமத்தி அமத்தியே
ஒரு ஊரை எழுப்பிய மனுசன்,
கோப்பையை ஊதிக்கொண்டு சொல்கிறார்:

"ஒரு பத்து நிமிசம், தம்பி.
இவ இன்னும் குடிச்சு முடிக்கேல்லை."