நான்கெல்லை

"வடக்கே பாலாறு,
தெற்கே வண்டிப்பாதை,
கிழக்கே துளசிங்க முதலியார் கொல்லை,
மேற்கே ஊற்றுக்கால்வாய்."
பழைய பத்திரத்தை வாசித்து நிறுத்தினார் எழுத்தர்.

கொல்லையில் இப்போது ஷூ கம்பெனி.
ஊற்றுக்காலை அண்ணன்
செருப்பு நுனியால் தட்டித் தேடினான்.
விரிஞ்சிபுரத்தில்
ஆறு மட்டும் சொன்ன திசையில் இருந்தது:
அக்கரைவரை மணல், கோரை,
நடுவில் கயிற்றுத் தடிமனில் நீர்,
அதற்கும் நாலு கொக்கு.

போன கார்த்திகை வெள்ளம் அறுத்துப்போனது
பன்னிரண்டு சென்ட்.
சர்வேயர் சிவப்பு மையில் கழித்தார்.
"போனது யார் பங்கு?"
அண்ணன் என்னைப் பார்க்காமல் கேட்டான்.

என் பங்கென்றே எழுதச் சொன்னேன்.
அப்பா கொத்திய மண்
காவேரிப்பாக்கம் ஏரியில் படிந்திருக்கும்,
யாரோ நாற்று நட்டிருப்பார்கள்.

கையெழுத்துப் போட்டு,
செருப்பைக் கழற்றி
என் நிலத்துக்குள் இறங்கினேன்.
கணுக்கால்வரை
குளிர்ந்தது.