உப்புத் தண்ணீர்

பத்து மணிக்குக் கரண்ட் போனதும்
ஞானஒளிவுபுரம் மொத்தமும் முங்கும்.
மாவு மில் நிற்கும்,
சீரியல் பாதி வசனத்தில் சாகும்,
அப்புறம் வீட்டுக்கு வீடு
இன்வெர்ட்டர் 'ங்ங்' என்று பிடித்துக்கொள்ளும்.
ஒரு ஃபேன், ஒரு ட்யூப்லைட்.
பாட்டரியில் ஓடுகிறவன் அளந்துதான் வாழணும்.
இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

அறுபத்து மூன்றில்
வைகையில் முழங்கால் நனையாத என்னை
போர்ட்ஸ்மவுத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.
சண்டை முடிந்தபின் தண்ணீரில் இறங்கிய நீர்மூழ்கி அது.
யாரையும் சுட்டதில்லை.
பீரங்கியைக் கழற்றி முதுகை வழித்திருந்தார்கள்.
இரண்டு தடவை வயிற்றைத் திறந்து
பாட்டரி மாற்றியாயிற்று.
இருநூற்று இருபத்து நாலு செல்,
ஒவ்வொன்றும் என் இடுப்புக்கு மேல்.
தரைப் பலகையைத் தூக்கித் தவழ்ந்துபோய்
மாட்டுக்குக் காட்டுகிற மாதிரி
அவற்றுக்குத் தண்ணி காட்டுவது என் வேலை.
மனுசன் குளிக்க ஒரு செம்பு கிடையாது.
செல் குடிப்பது காய்ச்சி வடித்தது.

சவரிராயன் அவர்கள் வாயில் சாவி ஆனான்.
"சாவி, எவ்வளவு இருக்கிறது?"
கேப்டன் கேட்பது ஆழத்தை அல்ல.

ராத்திரியில் மூக்கை மட்டும் வெளியே நீட்டி
டீசலை ஓட்டுவோம்.
அலை வந்து மூக்கை அடைக்கும்போதெல்லாம்
எஞ்சின் எங்கள் காதுக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சும்.

எழுபத்து இரண்டில் ஹார்வி ஓர் அட்டை போட்டிருந்தான்:
வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்,
பாட்டரி ஈயத்துக்குத்தான் நல்ல விலையாம்.
கீழே, தன் மகளுக்குக் கல்யாணம் என்று.
நான் அப்போது விசாகப்பட்டினத்தில், வேறு கப்பலில்.
அட்டையின் ஓரத்தில் மெஸ் பாக்கியைக் கூட்டிப் பார்த்தேன்.

நேற்று பதினொன்றுக்கு
நாலாவது தெரு பாத்திமுத்து போன் செய்தாள்.
"இன்வெர்ட்டர் கத்துதுண்ணே,
பையனுக்கு வீசிங், மெஷின் நின்னுபோச்சு."
மூடியைத் திருகினேன். கழுத்துவரை நிறைந்திருந்தது.
"என்ன ஊத்துனீங்க?"
"போர்த் தண்ணிதான். வடிகட்டித்தான் ஊத்துனேன்."

மூக்குதான் முதலில் புரிந்துகொண்டது.
உப்பும் ஆசிட்டும் சேர்ந்தால் வருகிற வாடை,
ப்ளீச்சிங் பவுடர் மாதிரி, ரொம்பக் கொஞ்சம்.
ஹாலில் எட்டுப் பேர்.
நாற்பது வருஷமாக வாயில் வராத ஓர் ஆணையை
இங்கிலீஷில், முழுக் குரலில் கத்தினேன்.
ஒருவரும் அசையவில்லை.
பையன் மட்டும் இருமலை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"சன்னலைத் திறங்க."
யாரோ கொண்டியை எடுத்தார்கள். திறந்தது.
அவ்வளவுதான், சும்மா திறந்தது.
வெளியே தெரு நீளத்துக்குக் காற்று நின்றிருந்தது.

"எவ்வளவுண்ணே?" என்றாள்.
செத்துப்போச்சும்மா, ஈய விலைக்கு எடுத்துக்கிறேன் என்றேன்.
விடியும்வரைக்குத் தாங்கட்டும் என்று
கடையிலிருந்த ஒன்றை
டிவிஎஸ் ஃபிப்டியில் ஏற்றினேன்.
இருட்டில், என் கால்களுக்கு நடுவே,
அது தளும்பிக்கொண்டே வந்தது.