கேள்விக்குறி இல்லாத பதினொரு கிழமை

எங்கள் மொழியில் கேள்விக்குறி கையில் இல்லை,
புருவத்தில் இருக்கிறது.
விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சாப்பாடு.
அதையே செய்து புருவத்தை உயர்த்தினால்
சாப்பிட்டாச்சோ.

என் காது போன ஆண்டைச் சொல்லத் தேவையில்லை,
விசுவமடுவில் எல்லோருக்கும் தெரிந்த ஆண்டு அது.
இரண்டு வருடம் கழித்து சுபோதினி வந்தாள்,
கேட்கிற காதுகளோடு.
எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லாத ஒரு பாஷையை
என் வெல்டிங் கடை வாசலில் நின்று
என்னோடு சேர்ந்து கண்டுபிடித்தாள்.

தை கடைசியில் கனடாவிலிருந்து தமக்கை றஜீவி வந்தா.
மகளின் கலியாணம், கொழும்பில்.
அல்பத்தில் நெற்றி கோடு கோடாய் விழும் என்று
வெள்ளவத்தையில் ஏதோ மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போய்
ஊசி போடுவித்தா. காசும் அவவே கட்டினா.
எறும்பு கடித்தமாதிரி என்று சுபோதினி எனக்குக் காட்டினாள்,
நெற்றியை ஐந்து தரம் கிள்ளி.

கலியாணத்தன்று அவள் நெற்றி
புதிதாய் இழைத்த சீமெந்து நிலம்.
எல்லோரும் மெச்சினார்கள்.
நானும்.
எட்டாம் நாள், பஸ் பரந்தனில் திரும்பும்போது
புருவம் இறங்கத் தொடங்கியது.
வீட்டுக்கு வந்து இரண்டு நாளில்
இரணைமடு வான்கதவுபோல
இமை இரண்டும் பாதியில் நின்றன.

நாடியை உயர்த்தி நடந்தாள்,
கடன் கேட்டு வந்தவனைப் பார்க்கிற முதலாளி மாதிரி.
அரிசியில் கல் பொறுக்கும்போது
ஒரு கையால் இமையைத் தூக்கிப் பிடித்தாள்.
இமையைப் பிடித்த கை
கதைக்க வராத கை.
கேட்டவர்களுக்கு நித்திரை இல்லை என்றாளாம்.
சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்,
அடிச்சுப்போட்டான் என்ற பார்வை.
அதற்கு எந்தச் சைகையில் மறுமொழி சொல்ல?

டொக்டர் போனில் சொன்னதை
கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்:
நெற்றித் தசைதான் இவ்வளவு காலமும்
இமையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.
அதை உறங்க வைத்துவிட்டோம்.
மூன்று மாதம், சிலவேளை நாலு. பொறுக்கவேணும்.

நான் வேறொன்றை யோசித்தேன்.
அந்தக் கோடுகளை யார் போட்டது?
பதினாலு வருடம், ஒரு நாளைக்கு நூறு கேள்வி.
தேத்தண்ணி வேணுமோ, சாவி எங்கே, காய்ச்சலோ,
அந்த லாண்ட்மாஸ்டர்காரன் காசு தந்தானோ.
ஒவ்வொன்றுக்கும் அவள் நெற்றி ஒருக்கா மடிந்து விரிந்தது.
காது கேட்கிறவனைக் கட்டியிருந்தால்
ஊசியே தேவைப்பட்டிராது.

இப்போது அவள் எதைக் கேட்டாலும் அறிவித்தல்.
பசி. காய்ச்சல். காசு தந்தான்.
எங்கே தந்தவன் என்று நான் சண்டைக்குப் போக,
கேட்டனான், கேட்டனான் என்று
தன் நெஞ்சில் குத்திக் காட்டினாள்.
கேள்விக்குத் தோளை உயர்த்திப் பார்த்தோம்.
தோள் எங்களுக்கு ஏற்கெனவே தெரியாது.
தலையைச் சரித்துப் பார்த்தோம். அது நோகுது.

பங்குனியில் ஓர் இரவு. கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தை மேசையில் நிறுத்தி வைத்துவிட்டு
தன்னைத் தொட்டாள்,
முகத்தைச் சுற்றி உள்ளங்கையை வளைத்தாள்.
நான். வடிவு.

கேட்கிறாளோ, சொல்கிறாளோ.
பாதி மூடிய கண்ணில் ஒன்றும் பிடிபடவில்லை.
இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே விடை என்னிடம் இருந்தது.
ஓம் என்று பொத்திய கையை ஆட்டினேன்.
சொல்லியிருந்தால், ஒத்துக்கொண்டேன்.
கேட்டிருந்தால்,
இவ்வளவு நாளும் நானாகச் சொல்லாமல் விட்டது அது.

பதினோராம் கிழமை, காலை.
வெல்டிங் கண்ணாடியை நான் நெற்றிக்கு ஏற்ற
வாசலில் நின்றாள்.
கரண்ட் பில்லைத் தூக்கிப் பிடித்தாள். கட்டினாய்.
இடது புருவம் மட்டும்
ஒரு நெல்லளவு எழும்பியது.
வலது வரவில்லை.

நான் கட்டவில்லை.
பொய்கூட வாய்க்கவில்லை,
புருவத்தையே பார்த்தபடி நின்றேன்.
என்ன என்று கேட்டாள்.
திரும்பவும் எழும்பியது.